கருப்பைக்குச் சாதி இல்லை, கருமுட்டைக்கு உண்டாம்!

கலியாணம் முடிந்த மூன்றாவது மாதமே கேள்வி வந்துவிடும். "ஏத்தா, விசேசம் எதுவும் உண்டா?" திருச்சுழிப் பக்கத்துக் கண்மாயில் நூறுநாள் வேலை நடக்கும் இடத்தில், அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில், ரேஷன் கடை வரிசையில் என்று எங்கும் அது கேட்கப்படும். கேட்கிறவர் மனதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் ஒரு வருடம் தாண்டினால் கேள்வி விசாரணையாகிவிடும், மூன்று வருடம் தாண்டினால் தீர்ப்பே வந்துவிடும். வளைகாப்பு வீட்டில் பின்வரிசையில் உட்கார வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினால் தாயின் முகத்தில் ஒரு தயக்கம் தெரியும். இருக்கன்குடிக்கு ஒரு நேர்ச்சை, அரசமரத்தில் ஒரு தொட்டில், அதற்கப்புறம் மாமியார் வாயில் "ரெண்டாங்கலியாணம்". இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தக் கேள்வி புருசனை நோக்கித் திரும்பியிருக்காது.

பிள்ளை இல்லாத இணையரில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் ஆணின் உடலும் காரணமாகவோ, காரணத்தில் ஒரு பங்காகவோ இருக்கிறது என்று மருத்துவம் சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. விந்துப் பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய் போதும். ஊசி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. ஆனாலும் நம் ஊர்களில் பெண்ணுக்கு ஸ்கேன், ஹார்மோன் சோதனை, கருக்குழாய்ச் சோதனை, லேப்ராஸ்கோப்பி வரை எல்லாம் முடிந்த பிறகுதான் ஆணுக்கு ஒரு டப்பா நீட்டப்படுகிறது. அப்போதும் "எனக்கென்ன குறை" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. 'மலடி' என்ற வசவு நாம் நினைத்த மாத்திரத்தில் நாக்குக்கு வருகிறது. 'மலடன்' என்ற சொல்லை யாராவது ஒருவரை நோக்கிச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

இந்த விசயத்தை நம் தோழர்களில் சிலர் பணக்காரர் வீட்டுப் பிரச்சினையாகப் பார்க்கிறார்கள். அது தவறு. பிறப்புறுப்புக் காசநோய் இந்தியப் பெண்களின் கருக்குழாய் அடைபடுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. காசநோய் யார் வீட்டில் தங்குகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. கவனிக்கப்படாத பிரசவமும், அரைகுறைக் கருக்கலைப்பும், அவற்றுக்குப் பின் வரும் தொற்றும் யார் உடலில் தழும்பாக நிற்கின்றன? சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதுதான் இந்த வறண்ட நிலத்தில் பல குடும்பங்களுக்குக் கோடைக் கூலி. தொடர்ந்து வெப்பத்தில் நிற்பது விந்தணு உற்பத்தியைக் குறைக்கும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. மூட்டத்தின் அருகில் நிற்கிற ஆணிடம் அதை யாரும் சொல்வதில்லை.

நூற்பாலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட வீட்டுப் பெண்பிள்ளைகளை 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து மேற்கு மாவட்டங்களின் ஆலைகளுக்கு அள்ளிச் சென்ற வரலாறு நமக்குத் தெரியும். மூன்று வருடம் உழைத்தால் கலியாணத்துக்கு மொத்தப் பணம் என்பது ஒப்பந்தம். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலாளிகள் சுமார் 100 பேரிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் பெயர் ஒட்டாத மாத்திரையைக் கையில் கொடுத்து மெஷினுக்குத் திருப்பி அனுப்பியதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். பின்னாளில் கருப்பைக் கட்டி, கருச்சிதைவு என்று அவதிப்பட்ட கதைகளும் அதில் வந்தன. கலியாணத்துக்குப் பணம் சேர்க்கப் போன பிள்ளையின் கருப்பையை ஆலை பதம் பார்க்கிறது. கலியாணத்துக்குப் பிறகு அதே கருப்பையை ஊர் விசாரிக்கிறது.

சரி, வைத்தியத்துக்கு எங்கே போவது? மதுரைக்குத்தான். அருப்புக்கோட்டையிலிருந்து 50 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். போகிற வழியெல்லாம் சிரிக்கும் குழந்தைகளின் விளம்பரப் பலகைகள். சோதனைக்குழாய் முறையில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை லட்சம் முதல் இரண்டரை லட்சம் வரை ஆகிறது. வெற்றி வாய்ப்பு பாதிக்கும் கீழ்தான், வயது ஏற ஏற இன்னும் சரியும். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்தாலும் (கிடைப்பதில்லை என்பது வேறு கதை) ஆண்டுக்கு 33,600 ரூபாய். ஒரேயொரு சுற்றுக்கே நாலரை வருடக் கூலி. ஆகவே தோடு அடகுக்குப் போகிறது, அப்புறம் குழு லோன், அப்புறம் வட்டிக்காரர். முதல் சுற்று தோற்றால் "இன்னொரு தடவை பாருங்கம்மா" என்று சொல்லும் மையம், கடனை யார் அடைப்பது என்று கேட்பதில்லை.

ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டில் கருத்தரிப்பு சிகிச்சைகள் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் மதுரை அரசு மருத்துவமனையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையம் அமைப்பதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் இதே அரசு இயந்திரம் குடும்பக் கட்டுப்பாட்டை எப்படி நடத்தியது என்பதை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அதைச் செய்துகொண்ட ஆண்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. கடைக்கோடிக் கிராமத்துக்கும் செவிலியர் வந்தார், முகாம் வந்தது, வண்டி வந்தது. 2004 ஆழிப்பேரலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் பலர் ஏற்கெனவே கருத்தடை செய்திருந்தார்கள். அப்போது மட்டும் கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. அதாவது முடியாத காரியம் இல்லை. ஏழையின் கருப்பையை மூடுவதற்கு இருந்த அக்கறை, திறப்பதற்கு ஒரு பேரழிவு வந்தால்தான் வந்தது. பின்னர் தொகுதி மறுவரையறை பயத்தில் மணமேடையிலேயே "உடனே பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள்" என்று அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் வாழ்த்தினார் (2025 மார்ச், நாகப்பட்டினம்). பெறுவதும் பெறாததும் அவள் விருப்பம் என்று மட்டும் எந்த மேடையும் சொல்வதில்லை.

ஈரோட்டுக்கு வருவோம். 2022 ஜூன் மாதம் அங்கே 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டை பலமுறை எடுத்து விற்கப்பட்டது வெளியே வந்தது. தாயும், தாயுடன் வாழ்ந்தவரும், இடைத்தரகரான ஒரு பெண்ணும் கைதானார்கள். சிறுமியை வயது கூடியவளாகக் காட்டப் போலி ஆதார் அட்டை தயாரிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு மருத்துவமனைகள் மட்டுமல்ல, ஆந்திரா, கேரள மருத்துவமனைகளும் விசாரணைக்குள் வந்தன. ஒவ்வொரு முறையும் குடும்பத்துக்குக் கிடைத்தது சுமார் 20,000 ரூபாய் என்று செய்திகள் கூறின. ஜூலையில் மருத்துவத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் மருத்துவமனைகள் மீது நடவடிக்கையை அறிவித்தார்.

கருமுட்டை எடுப்பது ரத்தம் கொடுப்பது போன்ற காரியம் அல்ல. மாதம் ஒன்று முதிர வேண்டிய இடத்தில் பத்துப் பதினைந்து முட்டைகளை முதிரச் செய்ய, பத்து நாட்களுக்கு மேல் தினமும் ஊசி போட வேண்டும். பிறகு மயக்கம் கொடுத்து, யோனி வழியே ஊசி செலுத்தி உறிஞ்சி எடுக்கிறார்கள். சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வயிற்றில் நீர் கோர்த்து உயிருக்கே ஆபத்தாகலாம். மும்பையில் 2010இல் பழைய இரும்புக் கடையில் வேலை பார்த்த 17 வயதுப் பெண் கருமுட்டை கொடுத்த சில நாட்களில் இறந்துபோனாள். இந்த ஊசிகளைத்தான் ஈரோட்டுச் சிறுமி திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டாள். எதிரே படுத்திருப்பது ஒரு குழந்தை என்று ஸ்கேன் எடுத்தவருக்கு, மயக்கம் கொடுத்தவருக்கு, ஊசி செலுத்தியவருக்கு, ஒருவருக்குமே தெரியவில்லையா? ஆதார் அட்டையைப் பார்த்த கண்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் தாயைத் திட்டித் தீர்த்ததோடு தமிழ்ச் சமூகம் கடமையை முடித்துக்கொண்டது. ஆனால் அந்த முட்டைகள் கருவாகி எங்கோ குழந்தைகளாக வளர்ந்துகொண்டிருக்கலாம். வாங்கியவர்களுக்குப் பெயரும் இல்லை, குற்றமும் இல்லை. இதே கொங்குப் பகுதியில்தான் 2019இல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளியானது. குழந்தையின் பாலுக்கும் நிறத்துக்கும் தகுந்தபடி விலை சொன்ன ஒலிப்பதிவை நாடே கேட்டது. 2025இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்கள் விற்கப்பட்ட செய்தி வந்தது. கடனில் மூழ்கிய தறிக்காரரின் சிறுநீரகமும், அன்றாடங்காய்ச்சி வீட்டுப் பெண்ணின் முட்டையும் ஒரே சந்தையில்தான் இருக்கின்றன. அருப்புக்கோட்டையும் தறி ஊர்தான், குழுக் கடனுக்கும் பஞ்சமில்லை. ஈரோட்டில் நடந்தது இங்கே நடக்காது என்பதற்கு நம்மிடம் என்ன உத்தரவாதம்?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஈரோட்டு விவகாரம் வெடித்தபோது அது நடைமுறைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. 2021 டிசம்பரில் நிறைவேறி 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தவை இரண்டு சட்டங்கள்: வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டமும் இனப்பெருக்க உதவித் தொழில்நுட்பச் சட்டமும். கருமுட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம், 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. வாடகைத்தாய் மணமானவராக, சொந்தப் பிள்ளை உள்ளவராக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். அதுவும் வாழ்நாளில் ஒருமுறைதான். மருத்துவச் செலவும் காப்பீடும் தவிர ஒரு பைசா கொடுக்கக் கூடாது. கொடுத்தால் இணையருக்கு 5 ஆண்டு வரையும் மருத்துவமனைக்கு 10 ஆண்டு வரையும் சிறை.

இந்தச் சட்டம் வரும் முன் இந்தியா உலகத்தின் பிள்ளைபேற்றுப் பட்டறையாக இருந்தது. வெளிநாட்டவர் குஜராத்தின் ஆனந்த் நகரத்துக்கு விமானமேறி வந்து பிள்ளையோடு திரும்பினார்கள். ஒப்பந்தத்தில் இருந்த கைநாட்டு மட்டும் அந்த ஊர்ப் பெண்களுடையது. அதை நிறுத்தியதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் நிறுத்திவிட்டு அதன் இடத்தில் வைத்திருப்பது என்ன? 'தன்னலமற்ற சேவை'. மருத்துவருக்குக் கட்டணம் உண்டு, ஆய்வகத்துக்கு உண்டு, வழக்குரைஞருக்கு உண்டு, மருந்துக் கம்பெனிக்கு உண்டு. பத்து மாதம் சுமந்து, வாந்தி எடுத்து, வயிற்றைக் கிழித்துக்கொள்கிற பெண்ணுக்கு மட்டும் கூலி கிடையாது. அவள் தெய்வமாம், தாயாம், தியாகியாம்! மலம் அள்ளுவதை ஆன்மிக அனுபவம் என்று சொன்னவர்களின் நாட்டில் இந்த மொழி நமக்குப் புதிதல்ல. நாடாளுமன்ற நிலைக்குழுவே 2017இல் தன் 102ஆவது அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. கூலியில்லாத் தியாகம் என்றால் குடும்பத்துக்குள் எதிர்த்துப் பேச முடியாத பெண் மீதுதான் சுமை விழும், ஆகவே நியாயமான இழப்பீடு கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நயன்தாரா, விக்னேஷ் சிவன் இணையருக்கு 2022 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது தொலைக்காட்சிகள் ஒரு மாதம் அதையே மென்றன. சுகாதாரத்துறை விசாரித்து, அவர்கள் விதி மீறவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அந்தப் பெண்ணின் கலியாணத் தேதியைத் துருவியவர்கள் யாரும் ஈரோட்டுச் சிறுமி என்ன ஆனாள் என்று துருவவில்லை.

இனி சாதிக்கு வருவோம். கருமுட்டை, விந்து தருபவரின் சாதியைக் கேட்டு வாங்குவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். நிறம், உயரம், படிப்போடு 'நம்மாளுங்களா' என்பதும் கேட்கப்படுகிறது. ஆனால் வாடகைத்தாயைத் தேடும்போது இதே ஆட்களின் சாதிப்பற்று தளர்ந்துபோகிறது. காரணம் எளிது. வாடகைத்தாய் தன் சொந்த முட்டையைத் தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே அவள் வெறும் சுமப்பவள். நிலம் நம்முடையது, உழுகிறவன் யாராக இருந்தால் என்ன என்கிற பண்ணையார்க் கணக்குத்தான் இதுவும். அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீட்டுக்கும் அவள் ரத்தத்தில் பத்து மாதம் ஊறிய பிள்ளை தீட்டில்லை!

சாதியின் உயிர்நாடி அகமணமுறைதான் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்த கட்டுரையிலேயே நிறுவினார். கலியாணத்தில் காவல் காத்தது போதாதென்று இப்போது ஆய்வகத்தின் உறைகுளிர்ப் பெட்டிக்கும் காவல் போடுகிறார்கள். பிறக்கப்போகும் குழந்தையின் பாலினத்தைத் தேர்ந்து தருவதை 2021 சட்டம் தடை செய்கிறது. சாதியைத் தேர்ந்து தருவது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இத்தனைக்கும் உச்ச நீதிமன்றம் 2012இல், குஜராத்தைச் சேர்ந்த ரமேஷ்பாய் நாய்க்கா வழக்கில், சாதிமறுப்பு மணத்தில் பிறந்த குழந்தையின் சாதி தானாகவே தகப்பன் சாதியாகிவிடாது, அது எந்தச் சூழலில் வளர்ந்தது, எந்த இழிவுகளைச் சுமந்தது என்பதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. சட்டத்தின் கண்ணிலேயே சாதி விந்தில் இல்லை. பிறகு எதற்காக அந்தப் படிவத்தில் அதைக் கேட்க வேண்டும்?

இன்னொன்று, நம் இயக்கத்தாருக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. 'தன்னலமற்ற' வாடகைத்தாய் யாருக்குக் கிடைப்பாள்? அக்கா, தங்கை, அண்ணி, சித்தி மகள் என்று உறவு சூழ வாழ்கிறவர்களுக்கு. சாதி மறுத்து மணம் செய்து ஊரைவிட்டு ஓடிய இணையருக்கு யார் இருக்கிறார்கள்? உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே 2016இல் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட நாடு இது. 1957 முதுகுளத்தூர்க் கலவரத்தின் நினைவு இன்னும் ஆறாத மண் எங்களுடையது. இங்கே சாதி மறுத்துச் சேர்ந்தவர்கள் முகவரியை மறைத்து வாழ்கிறார்கள். அவர்களுக்குக் கருப்பைக் கோளாறு என்றால், மாவட்ட மருத்துவக் குழுவிடம் சான்று, நீதித்துறை நடுவரிடம் ஆணை, இதோடு கூலி வாங்காமல் சுமக்கச் சம்மதிக்கிற ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். சாதியைக் காத்துக்கொண்டவர்களுக்கு மட்டுமே கைகூடுகிற ஏற்பாடு இது. தனித்து வாழும் பெண்களில் கைம்பெண்ணுக்கும் மணவிலக்குப் பெற்றவருக்கும் மட்டும் அனுமதி உண்டு, அதுவும் 35 முதல் 45 வயதுக்குள். மணமே வேண்டாம் என்றவருக்கும், மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவருக்கும், திருநர்களுக்கும் கதவு சாத்தியே இருக்கிறது. நீதிமன்றப் படியேறியவர்கள் சிறுகச் சிறுகத் திறந்துகொண்டிருக்கிறார்கள். கொடையாளரின் கருமுட்டைக்கு 2023 மார்ச்சில் போட்ட தடையை, வழக்குகளின் அழுத்தத்தில் 2024 பிப்ரவரியில் அரசே தளர்த்தியது. சட்டம் வரும் முன்பே கருவை உறைய வைத்திருந்தவர்களுக்கு வயது வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லிக்கு வழக்குரைஞர் வைக்க முடிந்தவர்களின் வெற்றிகள் இவை, பரளச்சிக்கும் நரிக்குடிக்கும் வந்து சேர நாளாகும்.

"எதற்கு இத்தனை பாடு? தத்து எடுத்துக்கொள்ளலாமே, பிள்ளையே வேண்டாம் என்று பெரியார் சொல்லவில்லையா?" என்று இளந்தோழர்கள் கேட்கிறார்கள். பிள்ளைபேறு பெண்ணின் விலங்கு என்று பெரியார் சொன்னது, அதை அவள் தலையில் கட்டாயமாகக் கட்டிய சமூகத்தைப் பார்த்து. அந்தக் கட்டாயத்தைக் கழற்றாமல், கட்டாயத்தில் சிக்கியவளிடம் போய் 'உனக்கு ஏன் ஆசை' என்று கேட்பது நியாயமில்லை. உயில் எழுதாமல் இறந்த, பிள்ளையில்லாத இந்துக் கைம்பெண் தன் உழைப்பில் சேர்த்த சொத்துகூட, அவளைப் பெற்றவர்களுக்கு முன்பு புருசனின் வாரிசுகளுக்குத்தான் போகும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளை இல்லாதது அவளுக்கு மனவருத்தம் மட்டுமல்ல, கூரைக்கும் காணிக்கும் வரும் ஆபத்து. தத்து எடுப்பதை நாம் முழு மனதோடு வரவேற்கிறோம். அரசின் தத்து விண்ணப்பத்தில் சாதியைத் தேர்வு செய்ய இடமில்லை, அதனாலேயே அது நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் அது விருப்பமாக இருக்க வேண்டும், ஏழைக்கு மட்டும் சொல்லப்படும் ஆறுதலாக இருக்கக் கூடாது.

கூலி கொடுத்து வாடகைத்தாய் முறையை மறுபடி திறந்துவிடலாமா என்பதில் முற்போக்காளர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் பலர், மெஷினில் உட்கார்ந்து திட்டு வாங்குவதைவிடப் பிள்ளை சுமப்பது மேல் என்று சொன்னதை சமூகவியலாளர் ஷர்மிளா ருத்ரப்பா 2015இல் வெளியான தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பெண்களின் சொல்லை 'அறியாமை' என்று தள்ள நாம் தயாரில்லை. ஆனால் அது ஆடைத் தொழிற்சாலையைப் பற்றிய வாக்குமூலமும்தான். தனியார் மையமும் தரகரும் விலை பேசும் பழைய சந்தை திரும்பக் கூடாது என்பது நம் நிலை. அரசு மருத்துவமனை வழியாக மட்டும், தரகர் இல்லாமல், இழந்த கூலிக்கும் உடலின் உழைப்புக்கும் அரசு நிர்ணயித்த இழப்பீட்டோடு, பிரசவத்துக்குப் பின் ஆண்டுக்கணக்கில் மருத்துவக் கண்காணிப்போடு அது நடக்கட்டும். கொடையாளரின் சாதியைக் கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று சட்டத்தில் எழுதப்படட்டும்.

அதற்கெல்லாம் முன்னால் இங்கே செய்யக்கூடியவை இருக்கின்றன. விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே கருத்தரிப்பு சிகிச்சைக்கு ஒரு முழுப் பிரிவு கேட்டு மனு கொடுக்கலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாள் குழந்தையின்மைக்கான புறநோயாளர் பிரிவு கேட்கலாம். அந்த நாளில் பெண்ணைப் பரிசோதனை மேசைக்கு அழைக்கும் முன் புருசனின் விந்துப் பரிசோதனை முடிவு மருத்துவர் மேசையில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்போம்.